கரி குடித்த தண்ணீர்

பிப்ரவரி 3, சனி

குடத்துக்கு அடியில் கிடக்கும் கரித்தூள் இன்றும் காயவில்லை.

அந்தக் குடத்தைப் புதன்கிழமை இடம் மாற்றினோம். அடியில் ஒழுகல். அது இருந்த இடத்தில் பாதி மணல், பாதி மூட்டத்திலிருந்து வந்த கரித்தூள். மணல் அன்று மத்தியானமே காய்ந்து வெளுத்துவிட்டது. கரித்தூளை இன்று காலையில் விரலால் கிண்டினேன். மேலே காய்ந்த மாதிரி தெரிகிறது. உள்ளே ஜில்லென்று இருக்கிறது. மூன்று நாள் வெயில், அதுவும் எங்கள் ஊர் வெயில்.

யாரிடமும் சொல்லவில்லை. கரி ஈரமாக இருக்கிறது என்று போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் இதில் எழுதுகிறேன்.

இந்த டைரி கரி மண்டியில் அப்பாவுக்குக் கொடுத்தது. போன வருஷத்தது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: மாரிக்கனி. வயது: பதினாறு. படிப்பு: எட்டாவது. ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், பஸ் ஒழுங்காக வரவில்லை, நின்றுவிட்டேன். இரத்த வகை: தெரியாது.

எங்கள் வேலை கரிமூட்டம். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைக்க வேண்டும். தீ எரியாமல் ஐந்தாறு நாள் புகைந்தால் கரி. அப்பா வெளியூர்க் கண்மாய்களில் வெட்டுக்குப் போய்விடுவார், எப்போதாவது வருவார். மூட்டம் பார்ப்பது நானும் அம்மாவும். முன்பு அம்மா மட்டும்.

நூல் மில் ஏஜெண்ட் நேற்று வந்து ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். நீல நிறம், ஜிப் வைத்தது. மார்ச் 4, திங்கட்கிழமை காலை என்னை வேலைக்கு ஏற்றிப் போக வேன் வருமாம். ஹாஸ்டலில் தங்கல், மூன்று வருஷம். ஃபேன் உண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. பை நன்றாக இருக்கிறது.

அம்மா இன்று இருமியது: பதினேழு.

பிப்ரவரி 6, செவ்வாய்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான்.

நாடக மேடையில் மகளிர் குழுக் கூட்டம். மிளகாய் விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற கம்பெனியிலிருந்து ரிஸ்வானா அக்கா ஸ்கூட்டரில் வந்திருந்தார். விவசாயம் படித்தவர். அவர்களுக்குக் கரி வேண்டுமாம். அடுப்புக்கு இல்லை, மண்ணுக்கு. பயோசார் என்று பெயர். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன, அவை தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும் என்றெல்லாம் சொன்னார். கட்டைக் கரி வேண்டாம், கண்மாயில் வீணாகக் கிடக்கிற சுள்ளியே போதும், ஆனால் ஒரு கிலோ தயாரிக்க என்ன செலவாகிறது என்று குழுதான் கணக்குக் காட்ட வேண்டும் என்றார்.

யாரும் நம்பவில்லை. “கரியத் தின்னுட்டு மொளகா கறுப்பாக் காய்ச்சா யாரு தாயி வாங்குவா?” என்று சந்தனம் மதினி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். குழுத் தலைவி அன்னபாக்கியம் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அத்தை எதையும் விலை தெரியாமல் சிரிக்க மாட்டாள்.

நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உள்ளே ஒன்று குதித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் முடிவதற்குள் வீட்டுக்கு ஓடி, குடத்தடித் தூளில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். ரிஸ்வானா அக்கா வந்ததும் கையை நீட்டினேன்.

“என்னம்மா இது?”

“புதன்கிழமைத் தண்ணி” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அக்கா அதை வாங்கிப் பிழிந்தார். விரலிடுக்கில் கறுப்பாக ஈரம் கசிந்தது. அது எங்கே கிடந்தது, எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். சொன்னேன். “நான் மைக்கு இல்லாம ஒரு மணி நேரம் கத்துனத நீ ஒரு கையில கொண்டாந்துட்ட” என்றார். பிறகு திரும்பிப் போய் அன்னபாக்கியம் அத்தையிடம், கணக்கு எழுத இந்தப் பிள்ளை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்றும் என் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா இருமியது: பதினான்கு. நான் வீட்டில் இல்லாதபோது எத்தனை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

குழி வெட்டினோம். இடுப்பளவு ஆழம், மேலே அகலம், கீழே குறுகல், புனல் மாதிரி. எங்கள் வீட்டுக் கொல்லையில்தான். அணைக்கத் தண்ணீர் வேண்டும், லாரித் தண்ணீர் எங்கள் தெருவுக்குத்தான் வரும். அதனால் சுள்ளியை எல்லாம் கண்மாயிலிருந்து சுமந்து வர வேண்டியதாயிற்று. சந்தனம் மதினி சுமந்தாள். முள் கிழித்த ஒவ்வொரு தடவையும் பயோசாரைத் திட்டினாள்.

இன்று நடந்ததை எழுதச் சிரிப்பு வருகிறது. எங்கள் வேலையில் தீ வெளியே தெரியவே கூடாது. மூட்டத்தில் ஓர் இடத்தில் தீ நாக்கு நீட்டினால் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடுவோம். விட்டால் மொத்தமும் சாம்பல். இந்தக் குழியில் அப்படியே தலைகீழ். தீ மேலே எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே தீ காற்றைத் தின்றுவிடுவதால் கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாகும், புகையும் அந்தத் தீயிலேயே எரிந்துபோகும் என்று ரிஸ்வானா அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கவில்லை. தீ ஓர் ஆள் உயரம் எழுந்தது. அம்மாவின் கை அவள் சொல்லைக் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்து நாலு வெட்டு மண்ணை அள்ளி உள்ளே வீசிவிட்டாள்.

தீ அணைந்தது. எங்கும் புகை. மண்ணும் கரியும் ஒன்றாகக் கலந்து ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

“இருவது வருசம் அணைச்ச கை தாயி” என்று அம்மா ரிஸ்வானா அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள். “எரியிறதப் பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது?”

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டாவது தடவை. அம்மா இரண்டு கைகளையும் முந்தானையில் சுருட்டி இறுக்கிக்கொண்டு நின்றாள். மண்வெட்டியை அன்னபாக்கியம் அத்தை தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

தீ எழுந்தது. விட்டோம். சுள்ளிமேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அதுதான் கணக்கு. பூப்பதற்கு முன் போட்டால் புகையும், பிந்திப் போட்டால் சாம்பல். நாலாவது அடுக்குக்குள் அது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சுள்ளியைப் போட்டேன். மூன்று மணி நேரத்தில் குழி நிறைந்தது. மூட்டம் ஐந்து நாள் எடுக்கும்! ஐந்து டிரம் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். ஆவி தென்னை உயரம் போயிற்று.

ஆறியதும் ஒரு துண்டை எடுத்துக் கல்லில் போட்டேன். கண்ணாடி வளையல் விழுந்த சத்தம். சொன்னால் நம்ப முடியாத இன்னொன்று: கையைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவினேன், போய்விட்டது. மூட்டக் கரி என்றால் நகக்கண்ணில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு சோற்றில்கூட மணக்கும். நல்லா வெந்த கரிக்கு அடையாளமே இதுதான், பிசின் எல்லாம் எரிந்துவிட்டது என்று அக்கா சொன்னார். எல்லோரும் மாறி மாறிக் கை கழுவிப் பார்த்தார்கள். ஊற்றியது போக மிச்சமிருந்த தண்ணீர் அதிலேயே தீர்ந்துவிட்டது.

ஒரு கூடை கரியை ஆட்டுப் புழுக்கை கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இருமியது: இரண்டு. எண்ணிக்கையில் தப்பு செய்தேனா என்று தெரியவில்லை. நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டுதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

எடை போட்டோம். ஐந்து சாக்கு, சாக்குக்கு முப்பத்தேழு கிலோ. மொத்தம் நூற்று எண்பத்தைந்து. செலவை நான் இப்படி எழுதினேன்: சுள்ளி வெட்ட ஓர் ஆள், சுமக்க ஓர் ஆள், எரிக்க ஓர் ஆள், ஆளுக்கு முந்நூற்றைம்பது. தண்ணீர் இருநூறு. நொறுக்கிக் கட்டக் கூலி நூற்றெழுபது. சாக்கு அறுபது. ஆக ஆயிரத்து நானூற்று எண்பது. வகுத்தால் கிலோவுக்கு எட்டு ரூபாய். மிச்சமே வரவில்லை, முழுசாக எட்டு. எனக்கு அந்தக் கணக்கு வந்த அழகில் ஒரு சந்தோஷம்.

நோட்டை அன்னபாக்கியம் அத்தையிடம் கொடுத்தேன். “எழுத்து முத்து முத்தா இருக்குடி” என்று முதுகில் தட்டினாள். கம்பெனி கிலோவுக்குப் பன்னிரண்டு தரும், முதல் ஆர்டர் ஐந்து டன். கிலோவுக்கு நாலு ரூபாய் நிற்கும். அத்தை உடனே மனசுக்குள் பெருக்க ஆரம்பித்துவிட்டாள், உதடு அசைந்தது.

சாக்குகள் சொட்டிக்கொண்டுதான் இருந்தன. அதை ஒருவரும் பெரிதாக நினைக்கவில்லை. நானும்தான். எங்கள் ஊரில் கரியை ஈரத்தோடுதான் நிறுப்போம். மண்டி லாரி வருகிற அன்று காலையில் சாக்குகளுக்குத் தண்ணீர் தெளிப்பது வாசல் தெளிப்பது மாதிரி. லாரிக்காரர் சாக்குக்கு மூன்று கிலோ கழித்துக்கொள்வார். தெளிக்காவிட்டாலும் கழிப்பார். அதனால் எல்லோரும் தெளிப்பார்கள். இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது.

பிப்ரவரி 14, புதன்

மூன்று சிரட்டையில் மிளகாய் நாற்று நட்டேன். ஒன்று வெறும் மண். ஒன்று மண்ணும் கரியும். ஒன்று மண்ணும் ஊறவைத்த கரியும். நடுவில் இருப்பது ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். கொடி கட்டி, துணி துவைத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

நடுவில் இருப்பது தோற்றது! இலை மஞ்சளாகிவிட்டது. வெறும் மண்ணைவிட மோசம். அழுகையே வந்துவிட்டது. அம்மா போனில் ரிஸ்வானா அக்காவுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தாள். எனக்குப் போனில் பேசுவது ஆகாது, ஆனாலும் பேசினேன். அக்கா சிரித்தார். “அது வெறும் வயித்துக் கரி கனி. மண்ணுல இருக்கிற சத்தெல்லாம் மொதல்ல அது சாப்புடும். மிச்சம் இருந்தாத்தான் செடிக்கு. மூணாவது சிரட்டையப் பாரு” என்றார்.

பார்த்தேன். கரும்பச்சை. இரண்டு நாளாக மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தேன், மூன்றாவது மட்டும் தலை தொங்கவில்லை. ஊறவைத்த கரி வயிறு நிறைந்த கரி, செடியோடு சண்டைக்குப் போகவில்லை. ஓடிப்போய் சந்தனம் மதினிக்கு மூன்று சிரட்டையையும் காட்டினேன். நானாகப் போய்க் காட்டினேன்.

மார்ச் 2, சனிக்கிழமை கம்பெனியிலிருந்து தர்மலிங்கம் சார் வந்து ஒப்பந்தம் போடுவார். டெலிவரியில் காய்ந்த எடைதான் எடுப்பார்களாம், அக்கா போனில் சொன்னார். அத்தையிடம் சொன்னேன், அதெல்லாம் பார்த்துக்கலாம் என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா சொன்னாள்: “இது நடந்துச்சுன்னா வருசம் பூராவும் வேல. அப்புறம் எதுக்கு மில்லு.” எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இன்னும் இரண்டு தோசை வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மா இருமியது: மூன்று.

பிப்ரவரி 23, வெள்ளி

ஒரு சாக்குக் கரியை நொறுக்குவதற்காகத் திங்கட்கிழமை தகரத்தில் பரப்பி வைத்திருந்தேன். இன்று நொறுக்கி அதே சாக்கில் அள்ளினேன். ஒரு துண்டுகூட வெளியே போகவில்லை. தூக்கினேன். ஒரு கையில் வந்துவிட்டது.

போட்டுவிட்டு மறுபடி தூக்கினேன். அதே ஒரு கை.

தராசில் வைத்தேன். பதினேழு கிலோ அறுநூறு கிராம். தராசு கெட்டுவிட்டதென்று நினைத்து அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தேன். தராசு சரி. சாக்குதான் முப்பத்தேழிலிருந்து பதினேழரையாகிவிட்டது. மிச்சம் எல்லாம் தண்ணீர். குடத்தடியில் பார்த்த அதே தண்ணீர். கரி அதன் எடைக்கு மேலேயே குடித்திருக்கிறது. முதல் நாளே விரலால் தொட்டுப் பார்த்தவள் நான். நிறுக்கும்போது எனக்கே தோன்றவில்லை.

ஐந்து சாக்குக்கு எண்பத்தெட்டு கிலோ. ஆயிரத்து நானூற்று எண்பதை எண்பத்தெட்டால் வகுத்தால் பதினாறு ரூபாய் எண்பது காசு. மூன்று தடவை வகுத்தேன்.

பன்னிரண்டுக்கு விற்றால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கிட்ட நஷ்டம். ஐந்து டன்னுக்கு எவ்வளவு என்று பெருக்கவில்லை. குழுவில் பன்னிரண்டு பேர் சேர்த்து வைத்த காசு அதில் போகும்.

எட்டு என்றால் சார் கையெழுத்துப் போடுவார். பதினாறு எண்பது என்றால் எழுந்து போய்விடுவார். அவர் போய்விட்டால் திங்கட்கிழமை வேன் வரும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சும்மா எழுதினேன்.

பிப்ரவரி 24, சனி

பாத்திரம் விளக்கினேன். ஆட்டுக்குத் தழை ஒடித்தேன். வெயில் அதிகம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

அம்மா நீலப் பையில் துணி அடுக்கி வைக்கச் சொன்னாள், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஆயத்தமாக இருக்க வேண்டுமாம். நாளைக்கு அடுக்கலாம். அன்னபாக்கியம் அத்தை வழியில் நிறுத்தி, சனிக்கிழமை நல்ல பாவாடை தாவணி கட்டிக்கொண்டு வா, கணக்குப் பிள்ளை நீதானே என்றாள். தலையை ஆட்டினேன்.

அம்மா இருமியதை எண்ணவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

தண்ணீர் இல்லாமல் அணைத்தால் என்ன?

இது காலையில் பல் விளக்கும்போது வந்தது. கொப்பளிக்கக்கூட இல்லை, அப்படியே நின்றுவிட்டேன். மூட்டத்தில் நாங்கள் தண்ணீரா ஊற்றுகிறோம்? காற்றை அடைத்தே அணைக்கிறோம். குழிக்கு மேல் தகரத்தைப் போட்டு அடைத்தால்? தண்ணீர்ச் செலவு இல்லை. காயவைக்கிற வேலை இல்லை. தண்ணீரே வேண்டாம் என்றால் குழி எதற்கு எங்கள் கொல்லையில் இருக்க வேண்டும்? சுள்ளி கிடக்கிற கண்மாயிலேயே வெட்டலாம். சுமக்கிற கூலியும் இல்லை!

ஆட்டுக் கொட்டில் தகரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். சின்னதாக, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். எரித்தேன். தகரத்தைப் போட்டேன். ஓரமெல்லாம் புகை பீறிட்டது. தூக்கிப் பார்த்தால் பாதி சாம்பல். மறுபடி எரித்தேன். மறுபடி புகை. மண்ணை அள்ளிப் போட்டால் உள்ளே விழுந்துவிடும், முதல் நாள் கதைதான்.

“ஆட்டுக் கொட்டில் தகரம் எங்கடின்னு ஊரெல்லாம் தேடுறேன்” என்று பின்னால் அம்மா. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து தகரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பார்த்தாள். கொண்டு வந்த குடிதண்ணீரை மண்ணில் ஊற்றிப் பிசைந்தாள். உள்ளே ஒரு பொடிகூட விழாமல் ஓரம் மட்டும் சுற்றிப் பூசினாள், ஊத்தப்பத்துக்கு எண்ணெய் விடுகிற மாதிரி. புகை நின்றுவிட்டது. ஒரு நூல்கூட இல்லை.

“எதுக்குன்னு நான் கேக்கல” என்றாள். “குழி வாய் சரியா மூடல, பொக தெரிஞ்சுச்சு. அதான் வந்தேன்.”

பிப்ரவரி 29, வியாழன்

போன வருஷ டைரியில் இப்படி ஒரு நாளே கிடையாது. 28ஆம் தேதிக்குக் கீழே இடுக்கி எழுதுகிறேன்.

மண்ணை உடைத்துத் தகரத்தைத் தூக்கினோம். கரி! காய்ந்த கரி! சாம்பல் ஒரு கைப்பிடிதான். கல்லில் போட்டேன், வளையல் சத்தம். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டேன், உஸ் என்று குடித்தது. ஆறாமல் திறந்திருந்தால் திரும்பப் பற்றிக்கொள்ளும் என்று அம்மா சொன்னதால் இரண்டு நாள் பொறுத்தோம். அதுவும் சரியாகப் போயிற்று.

சுமக்கிற ஆள் முந்நூற்றைம்பதும் தண்ணீர் இருநூறும் போனால் தொள்ளாயிரத்து முப்பது. பெரிய குழியிலும் அதே எண்பத்தெட்டு கிலோ கிடைத்தால் கிலோ பத்து ரூபாய் ஐம்பத்தேழு காசு. கிடைத்தால். சின்னக் குழியை வைத்து அதைச் சொல்ல முடியாது. சொன்னால் அது இன்னோர் எட்டு ரூபாய் ஆகிவிடும்.

மார்ச் 1, வெள்ளி

தப்பாக எழுதியதைத் திருத்த வேண்டும் என்றால் முதலில் இந்த டைரியில்.

முதல் பக்கத்தில் பஸ் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். பஸ் வந்தது. தினமும் ஏழே முக்காலுக்கு வந்தது. நான் ஏறவில்லை. அந்த வருஷம் அம்மா மூட்டத்துப் புகையில் மயங்கி விழுந்தாள். மறுநாள் மண்வெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அம்மாவிடமும் பஸ் என்றுதான் சொன்னேன். அம்மாவும் பஸ்ஸைத்தான் திட்டினாள்.

அடித்துவிட்டு மேலே எழுதியிருக்கிறேன்.

தகரத்தில் காய்ந்த அந்த ஒரு சாக்குக் கரியை நீலப் பையில் போட்டேன். சாக்கில் கொண்டு போனால் பொடி சிந்தும். ஜிப் இருப்பது நல்லது.

மார்ச் 2, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

நாடக மேடையில் நாற்காலி, சோடா எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். தர்மலிங்கம் சார் வழுக்கைத் தலை, அமைதியானவர். அன்னபாக்கியம் அத்தை என் நோட்டை விரித்து, தயாரிப்புச் செலவு கிலோவுக்கு எட்டு ரூபாய் என்று கணீரென்று வாசித்தாள். சார் ரிஸ்வானா அக்காவைப் பார்த்தார். ஆச்சரியமாக இருக்கிறதே, மற்ற ஊர்களில் இப்படி வரவில்லையே என்றார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை, எங்க ஊர்ப் பொம்பளைங்க அப்படி என்றாள். சார் பேனா மூடியைக் கழற்றினார்.

நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். எழுந்தது எப்போது என்று தெரியாது.

“அத்தே, அது கரியில்ல. தண்ணி.”

எல்லோரும் திரும்பினார்கள். யார் பேசியது என்று தேடினார்கள். நான் பேசுவதைப் பாதிப் பேர் கேட்டதே இல்லை.

“என்னடி சொல்ற?”

“நூத்தி எம்பத்தஞ்சுல தொண்ணூத்தேழு கிலோ தண்ணி. நாந்தான் எழுதுனேன். தப்பா எழுதிட்டேன்.”

“மூணு வருசமா வாயத் தொறக்காத புள்ள” என்று சந்தனம் மதினி சொன்னாள், “தொறந்ததும் கையெழுத்தையே முழுங்கிருச்சே.”

தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த ஈரச் சாக்கு ஒன்றைத் தராசில் வைத்தேன். முப்பத்தேழு. அதை இறக்கிவிட்டு நீலப் பையை வைத்தேன். அதே அளவு கரி. பதினேழு அறுநூறு. இரண்டையும் சார் தூக்கிப் பார்த்தார். அத்தையும் தூக்கிப் பார்த்தாள். அத்தையின் உதடு அசைந்தது, இந்தத் தடவை நஷ்டத்தைப் பெருக்கினாள். ஐந்து டன்னுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையான செலவு எவ்வளவு என்று சார் கேட்டார். பதினாறு எண்பது என்றேன். அவர் பேனாவை மூடினார். என் விவசாயிகள் அந்த விலையைத் தாங்க மாட்டார்கள் அம்மா என்று வருத்தமாகத்தான் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவை மட்டும் நான் பார்க்கவில்லை.

அப்போது அம்மா பின்னாலிருந்து, “அந்தத் தகரத்தச் சொல்லு புள்ள” என்றாள்.

சொன்னேன். கண்மாய்க் குழி, தகரம், ஓரத்து மண், சுமக்கிற ஆள் மிச்சம், தண்ணீர் மிச்சம், எல்லாம். பத்து ஐம்பத்தேழு வரலாம் என்றேன். வரும் என்று சொல்லவில்லை, சின்னக் குழியில்தான் பார்த்தேன், பெரியதில் தெரியாது என்றும் சொன்னேன். சார் அதைக் கேட்டதும்தான் முகம் நிமிர்ந்து பார்த்தார்.

“மூணு தடவ பெருசா எரிங்க. மூணு தடவயும் காய்ஞ்ச எடையத்தான் போடணும், இந்தப் பொண்ணுதான் எழுதணும்” என்றார். “பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன். பத்துலேர்ந்து பதினொண்ணுக்குள்ள வந்தா அன்னைக்கே கையெழுத்து.”

அவர் போன பிறகு அன்னபாக்கியம் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். “எட்ட அடிச்சிட்டு எழுதுடி” என்றாள். “அடிச்சது தெரியட்டும், கிழிச்சிராத.”

அம்மா இருமியது: ஐந்து. கூட்டத்தில் சாம்பிராணி போட்டதால்.

மார்ச் 4, திங்கள்

ஏழு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா வாசலுக்குப் போனாள். பிள்ளை வரவில்லை, வேலை இருக்கிறது என்றாள். ஏஜெண்ட், இப்போது விட்டால் அடுத்த தடவை இடம் இருக்காது அக்கா என்றார்.

“இல்லாட்டிப் போகுது தம்பி” என்றாள் அம்மா. “கணக்குப் பாக்க ஆளு வேணும்ல.”

அப்படியானால் பையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கேட்டார். அம்மா உள்ளே வந்து நீலப் பையை எடுத்துப் போய் ஜிப்பைத் திறந்து அவர் முன்னால் உதறினாள். கரிப்பொடி அவருடைய வெள்ளைச் சட்டை வரை பறந்தது. அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

நான் பையை எடுத்து நோட்டையும் பேனாவையும் உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தேன். தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தேன்.